அம்மா இருந்த ஒருசந்தி

அப்பா குடியை விட்ட வருடத்தில்தான் எங்கள் வீட்டில் பசி அதிகமாக இருந்தது. அவர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில்கூட ராத்திரிச் சோறு எங்களுக்குத் தவறியதில்லை. அப்பா எங்காவது விழுந்து கிடப்பார். அம்மா அவரைத் திட்டிக்கொண்டே எனக்கும் தம்பிக்கும் சோற்றைப் பிசைந்து போடுவாள். நாங்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவோம். அவர் திருந்திய பிறகு சாப்பிடுவது அவ்வளவு சுலபமாக இல்லை.

சுனாமி வந்து போன அடுத்த மாதத்தில் தொடங்கியது அது. மரக்காணம் உப்பளத்தை ஒட்டி, கடலிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தது எங்கள் வீடு. உப்புப் பாத்திகளில் சேறு நிறைந்ததோடு எங்களுக்குச் சேதம் முடிந்தது. அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர்கள். அப்பா பலகையால் உப்பை வாரிக் கரையில் ஒதுக்குவார். அம்மா அதைக் கூடையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டுவாள். கடல் வந்த அன்று அப்பா மீனவர் குப்பத்துக்கு ஓடிப்போய்ச் செத்தவர்களைத் தூக்கினார். திரும்பி வந்து இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு யாரோ கூப்பிட, மூன்று நாள் தியானத்துக்குப் போனார். வெள்ளைச் சட்டையும் கையில் பைபிளுமாக வந்து இறங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. ஊரில் எல்லாரும் அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள், பழைய காலண்டர் அட்டை ஒன்றைத் திருப்பி வைத்து என்னைக் கோடு போடச் சொன்னார். ஜெபம், வேதம், ஒருசந்தி, மௌனம், தர்மம், மன்னிப்பு என்று ஆறு கட்டம். எழுத்து அழகாக இருக்கும் என்று என்னையே எழுதவும் சொன்னார். அதைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். செய்து முடித்ததற்கெல்லாம் டிக் போடுவார். அவர் செய்ததற்கு மட்டுமல்ல, நாங்கள் செய்ததற்கும்.

மௌனம் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை. மௌனம் அவருக்கு, ஓட்டம் எங்களுக்கு. டீ வேண்டும் என்றால் டம்ளரைத் தட்டுவார். சர்க்கரை போதாது என்றால் விரலை நாக்கில் வைத்துக் காட்டுவார். ஒருநாள் தம்பி அது விளங்காமல் ஓடிப்போய் உப்பைக் கொண்டுவந்து டீயில் போட்டுவிட்டான். அப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு அடித்ததும்தான் "டேய்!" என்று எழுந்தார். அதற்குள் தம்பி ரோட்டைத் தாண்டியிருந்தான். அந்த மௌனத்துக்கும் டிக் விழுந்தது.

கடைசிக் கட்டம்தான் கஷ்டமானது. இரவு ஜெபம் முடிந்ததும் நானும் தம்பியும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தோத்திரம் சொல்லி, நெற்றியில் சிலுவை போட்டு வாங்கிக்கொள்வோம். தட்டுப் போட்டு உட்கார்ந்ததும், சாப்பிடப் போகிற ஒவ்வொருவரும் தனக்கு யார்மேல் வருத்தமோ அவரைச் சொல்லி, "மன்னிச்சிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுக்குச் சோறு கிடையாது.

"பீடத்துல காணிக்கை வைக்கிறதுக்கு முந்தி சமாதானம் ஆவணும்ல? அப்ப சோத்துல கை வைக்கிறதுக்கு முந்தி ஆவ வேணாமா?" என்றார் அப்பா.

முதல் இரண்டு மூன்று நாள் அது விளையாட்டாக இருந்தது. "எனக்கு எலி மேல வருத்தம். அரிசி மூட்டைய கடிச்சி வச்சிருக்குது. போவட்டும், மன்னிச்சிட்டேன்" என்று அம்மா சொன்னதும் அப்பாவே சிரித்துவிட்டார். அம்மாவுக்கு அப்படித்தான், எதைச் சொன்னாலும் ஒரு குத்தலோடுதான் வரும்.

எங்கள் வீட்டில் காலால் மிதிக்கிற தையல் மிஷின் ஒன்று இருந்தது. மரக்காணம் பஜாரில் ஒரு தையல்காரர் மோட்டார் மிஷினுக்கு மாறியபோது, அவருடைய பழைய மிஷினை அம்மா வாங்கினாள். எத்தனை வருடம் கூடை சுமந்து அதை வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, "மிஷின் வாங்கணும்" என்ற பேச்சு வீட்டில் இருந்துகொண்டே இருந்தது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று அம்மாவின் பாதம் வெடித்து, விரல் இடுக்கெல்லாம் புண்ணாகியிருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு, அதே காலால் மிஷினை மிதிப்பாள். தெருவில் பாதிப் பேர் ஜாக்கெட் அவள் தைத்ததுதான். ஈஸ்டர் முடிந்ததும் உப்பளத்திலிருந்து நின்றுவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த ஈஸ்டரில்தான் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு. எங்கள் கோயிலில் அது சில வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். அதனால் எனக்குப் பன்னிரண்டு வயதாகியிருந்தது. வெள்ளை கவுனை அம்மா பாதி தைத்திருந்தாள். மீதித் துணி மிஷின் ஊசிக்கு அடியிலேயே இருந்தது.

முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை ராத்திரி, வேதம் வாசிக்க அப்பா என்னைக் கூப்பிட்டார். அப்பா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார் என்பதால் பெரும்பாலும் நான்தான் வாசிப்பேன். இரண்டு வைத்திருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று வருகிற பகுதி. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு வாட்டி வாசி பாப்பா" என்றார். வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, மிஷின் இருந்த இடத்தில் தரையில் நான்கு பள்ளம் மட்டும் இருந்தது. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மண்ணெண்ணெய் கேனோடு உள்ளே வந்தவள் அந்த நான்கு பள்ளத்தையும் பார்த்தாள்.

"மிஷின் எங்க?"

"குடுத்துட்டேன்" என்றார் அப்பா. முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது. "குப்பத்துல புருஷன பறிகுடுத்த பொம்பள ஒண்ணு இருக்குது. வூட்டுல ஒரு துரும்பு இல்ல, எல்லாத்தையும் கடல் வாரிக்கினு போயிடுச்சு. நமக்கு வூடாவது நிக்குதுல்ல? மூணு சக்கர வண்டியில வச்சி நானே தள்ளிக்கினு போயி எறக்கிட்டு வந்தேன்."

"அதுல புள்ள கவுனு இருந்துச்சே."

அப்பா அதைக் கவனித்திருக்கவில்லை. "அத வாங்கியாந்துடலாம், எங்க போயிடப் போவுது?" என்றார்.

இரண்டு இருந்தால் ஒன்று. எங்கள் வீட்டில் மிஷின் ஒன்றுதான் இருந்தது. இரண்டாக இருந்தவை அப்பாவின் வெள்ளைச் சட்டைகள். அவை இரண்டும் கொடியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

அம்மா வாயைத் திறப்பாள், தெருவே திரளும் என்று நான் காத்திருந்தேன். குடித்துவிட்டு வந்த காலத்தில் அகப்பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை துரத்தியவள் அவள். அன்று கேனை மூலையில் வைத்துவிட்டு அரிசி களைய உட்கார்ந்தாள். குடிகாரரைத் திட்டினால் ஊர் நம் பக்கம் நிற்கும். ஜெபம் பண்ணுகிறவரை, அதுவும் ஏழைக்குக் கொடுத்துவிட்டு வந்தவரைத் திட்டினால் யார் நிற்பார்கள்? இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது, அம்மாவும் அவரோடு சேர்ந்துகொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

அன்று தட்டுப் போட்டதும் அப்பா, "யாருக்காவது எம்மேல வருத்தம் இருந்தா மன்னிச்சிடுங்க. மனசுல வச்சிக்கினு திங்கக் கூடாது" என்றார்.

தம்பி உடனே சொல்லிவிட்டான். அவனுக்கு வருத்தமே இல்லை. அம்மா தன் தட்டை எடுத்து மறுபடி அடுக்கில் வைத்தாள்.

"எனக்கு இன்னிலேருந்து ராத்திரிக்கு ஒருசந்தி. நீங்க சாப்புடுங்க."

ஒருசந்தி என்றால் பகலில் ஒருவேளைச் சோறு மட்டும், ராத்திரிக்குத் தண்ணீர். தவக்காலத்தில் பலரும் வெள்ளிக்கிழமைகளில் இருப்பதுதான். அப்பாவும் வெள்ளிக்கு வெள்ளிதான் இருந்தார், அன்றும் ஒருவேளைச் சோற்றை மத்தியானம் முடித்துவிட்டு, ராத்திரி தண்ணீருக்குப் பதில் பன் தின்றார். அம்மா நாற்பது நாளுக்கும் என்றாள். அப்பாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எழுந்துபோய் அவள் பேரில் ஒரு டிக் போட்டார்.

நான் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் ராத்திரியும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கருவாட்டுக் குழம்பு. கத்தரிக்காய் போட்டு வைத்திருந்தாள். அந்த வாசனையில் என் வைராக்கியமெல்லாம் போய்விட்டது. "அப்பாவ மன்னிச்சிட்டேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டேன். பொய் சொன்ன அதே நாக்குக்குக் குழம்பு அவ்வளவு ருசியாக இருந்தது. அப்பா டிக் போட்டார். அம்மா சுவரோரம் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல்தான் ஆத்திரமாக வந்தது. பிடுங்கிக்கொடுத்த மனிதரை ஒரு வார்த்தை கேட்காமல், அவரைவிடப் பெரிய பக்தையாகக் காட்டிக்கொள்கிறாளே என்று.

அன்று ஞாயிற்றுக்கிழமை, அன்றும் அவள் தனக்குத் தட்டுப் போடவில்லை. "ஞாயித்துக்கிழமை ஒருசந்தி கெடையாதே" என்றார் அப்பா.

"அவங்கவங்க விருப்பம்" என்றாள் அம்மா.

கவுனை வாங்கி வருகிறேன் என்ற அப்பா ஒரு வாரமாகப் போகவில்லை. கடைசியில் அம்மா என்னை அனுப்பினாள். குப்பத்துக்காரர்களுக்குத் தார் ஷீட்டில் வரிசையாகக் கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். யாரிடமும் வழி கேட்கக் கூச்சப்பட்டு, ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். ஆறாவதோ ஏழாவதோ கொட்டகையில் எங்கள் மிஷின் நின்றது. அதன்மேல் தண்ணீர்க் குடம். மிதிக்கிற தட்டில் ஈரத்துணி. பெல்ட்டைக் காணவில்லை. பையன்கள் கழற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாளுக்கு என் அம்மா வயதுதான் இருக்கும். நான் யார் என்று சொன்னதும் பதறிப்போய்க் குடத்தை இறக்கினாள்.

"தப்பா நெனச்சிக்காத பாப்பா. தரையில வச்சா எறும்பு ஏறுது. எனக்கு இது ஓட்டத் தெரியாதும்மா. நானு மீன் விக்கிறவ. உங்கப்பா வண்டியில கொண்டாந்து எறக்குனாரு, முட்டி போட்டு ஜெபம் பண்ணுனாரு, போயிட்டாரு. எனக்கு என்னா வேணும்னு ஒரு வார்த்த கேக்கல."

பிறகு அவளே சொன்னாள்: "ஒரு அன்னக்கூட இருந்தா போதும், தலையில வச்சிக்கினு நாலு தெரு சுத்திப் பொழச்சிக்குவேன். இத நீங்க எடுத்துக்கினு போறதுன்னா போங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

கவுன் துணியை மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கசங்காமல் மடித்து வைத்திருந்தாள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு வீடுவரை ஓடினேன். மிஷின் திரும்பி வரப்போகிறது! அம்மா உப்பளத்திலிருந்து நின்றுவிடுவாள்! அன்று ராத்திரி ஜெபம் முடியும்வரை அதை அடக்கி வைத்திருந்தேன். தட்டுப் போட்டதும், மன்னித்தேன் என்பதற்குப் பதிலாக அதைச் சொன்னேன். குடத்தை, பெல்ட்டை, அன்னக்கூடையை, "எடுத்துக்கினு போங்க" என்றதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆண்டவருக்குன்னு குடுத்தது" என்றார் அப்பா. "குடுத்தத திருப்பி வாங்குனா அதுக்குப் பேரு தர்மமா? கோயில்ல அத்தினி பேரு முன்னாடி சாட்சி சொல்லியாச்சி. நாளைக்கி வண்டியில வச்சி திருப்பித் தள்ளிக்கினு வரச் சொல்றியா?"

அதுதான் விஷயம். மிஷினைக் கொடுத்ததைக் கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொல்லியாகிவிட்டது.

"அவளுக்கு ஒரு அன்னக்கூட வாங்கிக் குடுங்க" என்றாள் அம்மா.

"பாக்கலாம்" என்றார் அப்பா.

மறுநாள் சாயங்காலம் குளிக்கப் போனபோது எங்கள் அன்னக்கூடையைக் காணோம். நானும் தம்பியும் தண்ணீர் நிரப்பிக் குளிக்கிற, வாய் அகன்ற பெரிய அலுமினியப் பாத்திரம் அது. "ஓட்டை" என்றாள் அம்மா. நம்பிவிட்டேன். சில நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அந்த அம்மாள் மீன் விற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மீன் வைத்திருந்த அன்னக்கூடையின் விளிம்பில், தம்பி கல்லால் அடித்த நசுங்கல் இருந்தது. வீட்டில் நான் சொல்லவில்லை. சுவர் அட்டையிலும் அதற்கு டிக் விழவில்லை.

மிஷின் அங்கேயே துருப்பிடித்தது. மழைக்காலத்தில் அது பழைய இரும்புக்காரனிடம் போனதாகக் கேள்விப்பட்டோம்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறன்று சாமியார் பிரசங்கத்தில், உப்பளத்தில் கூடை சுமந்துகொண்டே நாற்பது நாளும் ஒருசந்தி இருக்கிற ஒரு தாய் இந்தக் கோயிலில் இருக்கிறாள் என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா திரும்பித் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார். அம்மா முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். எவ்வளவு அடக்கம் என்று பக்கத்தில் ஒருத்தி சொன்னாள்.

புதுநன்மைக்கு முன்னால் எங்களை எல்லாம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிறுத்தினார்கள். மனதில் பகையோடு நன்மை வாங்கக் கூடாது என்று ஞாயிறு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான் குரலே எழாமல், "எங்கப்பா மேல கோவம் சாமி. மன்னிச்சிட்டேன்னு பொய் சொன்னேன்" என்றேன்.

"உங்கப்பா எவ்வளவு நல்ல மனுஷன் ஆயிட்டாரு! கோவப்படலாமாம்மா?" என்றார் சாமியார். பரிகாரமாகப் பத்து 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லச் சொன்னார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. அதற்குத் திரும்ப வரிசையில் நிற்க வெட்கமாக இருந்ததால் அப்படியே வந்துவிட்டேன்.

பெரிய வியாழனன்று, பாதம் கழுவும் சடங்குக்கு அப்பாவையும் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்கார வைத்தார்கள். உப்பில் வெடித்த அவர் காலைச் சாமியார் கழுவித் துடைத்து முத்தம் கொடுத்தார். அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். வீட்டுக்கு வந்ததும், "நானும் உங்க காலெல்லாம் கழுவணும்" என்றார். "அன்னக்கூட எங்க?"

"இல்ல" என்றாள் அம்மா.

பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் எடுத்து வந்தார். தம்பி கூச்சத்தில் நெளிந்து தண்ணீரைக் கொட்டினான். என் காலைக் கழுவும்போது நான் சுவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அம்மாவை உட்கார வைத்தார். அவள் விரல் இடுக்கில் சோப்பு பட்டதும் பல்லிடுக்கில் மூச்சை இழுத்தாள். அப்பா கையை நிறுத்தினார். அந்தப் பாதத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார்.

"ஒரு வார்த்த சொல்லேன்" என்றார்.

அம்மா அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தாள்.

"தெரியாம செஞ்சிட்டேன். சொல்லேன்."

"எழுந்திருங்க. புள்ளைங்களுக்குப் பசிக்குது" என்றாள் அம்மா. காலை இழுத்துக்கொண்டு, ஈரத்தோடு அடுப்பங்கரைக்குப் போனாள். எங்கள் மூவருக்கும் தட்டுப் போட்டாள்.

என்ன திமிர் என்று நினைத்தேன். முதல்முறையாக எனக்கு அப்பா பாவமாகத் தெரிந்தார். பசியோடு இருந்து இருந்து அம்மாவுக்குத் தன் பக்தியிலேயே கர்வம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

ஈஸ்டர் அன்று காலை கவுன் தயாராக இருந்தது. பாதி மிஷின் தையல், பாதி கைத்தையல். மத்தியான வெயிலில் வாசற்படியில் உட்கார்ந்து அம்மா கையாலேயே தைத்திருந்தாள். இடுப்புக்கு மேலே தையல் நேராக ஓடும். கீழே கொஞ்சம் அலைந்து அலைந்து போகும். பகையோடுதான் நன்மை வாங்கினேன். ஏதாவது நடக்கும் என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். எதுவும் நடக்கவில்லை.

வீட்டில் ஆட்டுக்கறி. அப்பா பாய் விரித்து நான்கு தட்டையும் அவரே வைத்தார். "இன்னிக்கி பாஸ்கா. யாரும் ஒருசந்தி இருக்கக் கூடாது. இருந்தா பாவம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். தம்பி "மன்னிச்சிட்டேன்" சொன்னான். நானும் சொன்னேன். பிறகு மூவரும் அம்மாவைப் பார்த்தோம். அவள் கையில் கறிக்கரண்டி இருந்தது. அப்பாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றிருந்தது.

"எனக்கு வயித்த வலிக்குது" என்றாள் அம்மா. "நீங்க சாப்புடுங்க."

எனக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, ஒருநாள் ராத்திரி என் வீட்டுக்காரரிடம், பசிக்கவில்லை என்று சொல்லித் தட்டை அடுக்கில் வைத்தேன். நல்ல பசி. வைத்த கையை எடுக்க முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். எலியை மன்னித்த அந்த முதல் நாட்களுக்குப் பிறகு அம்மா அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாப்பிட உட்கார்கிறவர்கள்தானே சொல்ல வேண்டும்.

அன்றைக்கு அது தெரியாது. அம்மா தன் பங்கு நல்லி எலும்பையும் என் தட்டில் போட்டாள். அவளுக்கு நிஜமாகவே வயிற்றுவலி என்று நினைத்து, வெள்ளை கவுனில் குழம்பு பட்டுவிடாமல் முழங்காலில் துண்டை விரித்துக்கொண்டு, உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டேன்.